‘ஏ’, ‘ஆன்’, ‘தி’: எங்கே இடறுகிறது, எப்படிச் சரிசெய்வது

பினாங்கில் ஒரு நாளில் நம் காதில் விழும் மொழிகளைப் பாருங்கள். வீட்டில் தமிழ், பள்ளியிலும் அரசாங்க அலுவலகத்திலும் மலாய், பசாரில் ஹொக்கியன் சீனம். இந்த மூன்றிலும் ஆர்ட்டிக்கல் கிடையாது, அதாவது ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ போன்ற சொற்கள் கிடையாது. மலாயில் ‘சாயா குரு’ என்றால் வாக்கியம் முடிந்தது. தமிழில் ‘நான் ஆசிரியர்’ என்றாலும் முடிந்தது. ஆங்கிலத்தில் மட்டும் ‘ஐ ஆம் டீச்சர்’ என்று நிறுத்த முடியாது, இடையில் ஓர் ‘ஏ’ வேண்டும். நாம் நாள்தோறும் பேசும் மலேசிய ஆங்கிலமும் அந்த ‘ஏ’யை அடிக்கடி விட்டுவிடுகிறது. ‘ஐ கோ மார்க்கெட் ஃபர்ஸ்ட்’ என்று சொன்னால் எல்லாருக்கும் புரிகிறது, யாரும் திருத்துவதில்லை. எழுத வேண்டிய இடத்தில்தான் அது வினையாகிறது: படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் கட்டுரை, பல்கலைக்கழக நுழைவுக்கான மியூஎட் ஆங்கிலத் தேர்வு, வேலை விண்ணப்பம், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சல்.

படிவம் ஐந்து மாணவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அவர்கள் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளை இங்கே அறிகுறி வாரியாகத் தருகிறேன். உங்கள் பிழை எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் சோதனைகளை மட்டும் தாண்ட வேண்டாம், மற்ற எல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

முதலில்: நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சோதனைகள்

‘தமிழில் ஆர்ட்டிக்கல் இல்லை, அதனால்தான் நமக்கு வராது’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். குறிப்பிட்ட பொருள், குறிப்பில்லாத பொருள் என்ற வேறுபாட்டைத் தமிழ் பேசும் குழந்தை பள்ளிக்குப் போகும் முன்பே சரியாகக் கையாள்கிறது. அதைத் தமிழ் வேறு இடத்தில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

‘ஃபைல் அனுப்பினேன்.’ ‘ஃபைலை அனுப்பினேன்.’ இந்த இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு ஃபைல். இரண்டாவதில் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த அந்த ஃபைல். வேறுபாடு முழுவதும் ‘ஐ’ என்ற இரண்டாம் வேற்றுமை உருபில் இருக்கிறது. ஆங்கிலத்தில் முதலாவது ‘ஐ சென்ட் ஏ ஃபைல்’, இரண்டாவது ‘ஐ சென்ட் தி ஃபைல்’. அதேபோல ‘கார் வாங்கினேன்’ என்றால் ‘ஏ கார்’. ‘காரைக் கழுவினேன்’ என்றால் ‘தி கார்’, அல்லது ‘மை கார்’. தமிழ் வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்து, ‘ஐ’ தானாக வந்து ஒட்டினால் பெரும்பாலும் ‘தி’ போடலாம்.

இது உயிரற்ற பொருள்களுக்கு மட்டும் வேலை செய்யும். மனிதர்களைச் சொல்லும்போது தமிழ் எப்படியும் ‘ஐ’ சேர்த்துவிடும். ‘வழியில் ஒரு பையனைப் பார்த்தேன்’ என்கிறோம், அங்கே ஆங்கிலத்தில் ‘ஏ பாய்’தான். ‘பிடிக்கும்’, ‘விரும்புகிறேன்’ போன்ற சொற்களோடும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

பெயர் வாக்கியத்தின் எழுவாயாக இருந்தால் சொற்களின் வரிசையைப் பாருங்கள். ‘மேசை மேல் சாவி இருக்கிறது’ என்றால் ‘தேர் இஸ் ஏ கீ ஆன் தி டேபிள்’. ‘சாவி மேசை மேல் இருக்கிறது’ என்றால் ‘தி கீ இஸ் ஆன் தி டேபிள்’. தேடிக்கொண்டிருக்கும் சாவியைத்தான் நாம் வாக்கியத்தின் முன்னால் வைக்கிறோம். இதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆனால் தவறாமல் செய்கிறோம்.

மூன்றாவது சோதனை எல்லா இடத்துக்கும் பொதுவானது. நீங்கள் சொன்னதைக் கேட்டவர் ‘எந்த?’ என்று திருப்பிக் கேட்பாரா? கேட்பார் என்றால் ‘தி’ போடும் நேரம் இன்னும் வரவில்லை. கேட்க மாட்டார் என்றால் ‘தி’. இரண்டாம் முறை குறிப்பிடும்போது ‘தி’ வரும் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அது ஒரு காரணம் மட்டும்தான். ‘ப்ளீஸ் க்ளோஸ் தி டோர்’ என்று முதல் முறையே சொல்கிறோம். அறையில் இருப்பது ஒரே கதவு என்பதால் ‘எந்தக் கதவு?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘தி சன்’, ‘தி மேனேஜர்’, ‘தி டாய்லட்’ எல்லாம் இந்த வகைதான்.

அறிகுறி: ஆர்ட்டிக்கல் எதுவுமே இல்லாமல் பெயர்ச்சொல் தனியாக நிற்கிறது

‘ஹீ இஸ் இன்ஜினியர்’, ‘ஐ பாட் லேப்டாப்’, ‘ஷீ வொர்க்ஸ் ஆஸ் கிளார்க்’. நம்மிடையே அதிகம் காணப்படும் பிழை இது. மலாயையும் தமிழையும் அப்படியே ஆங்கிலத்துக்குள் கொண்டு போவதால் வருவது.

ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடிய பெயர் ஒருமையில் இருந்தால், ஆங்கிலத்தில் அது தனியாக நிற்காது. அதன் முன்னால் ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’, ‘மை’, ‘யுவர்’, ‘திஸ்’, ‘தட்’, ‘எவ்ரி’ போன்ற ஒன்று இருந்தே தீர வேண்டும். அதனால் எழுதி முடித்ததும் ஒருமைப் பெயர்களின் கீழ் மட்டும் கோடு போடுங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் இந்தச் சொற்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கேட்பவர் ‘எந்த?’ என்று கேட்பாரா என்று யோசித்து ‘ஏ’யையோ ‘தி’யையோ போடுங்கள். அர்த்தம் முழுதாகப் பிடிபடாவிட்டாலும் இந்தக் கோடு போடும் பழக்கம் ஒன்றே விடுபட்டவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும்.

தொழிலைச் சொல்லும்போது ‘ஏ’ அல்லது ‘ஆன்’ அவசியம்: ‘ஹீ இஸ் ஆன் இன்ஜினியர்’, ‘ஷீ வொர்க்ஸ் ஆஸ் ஏ கிளார்க்’. ஒருவர் மட்டுமே வகிக்கும் பதவி என்றால் ‘தி’ வரலாம்: ‘ஷீ இஸ் தி ஹெட்மிஸ்ட்ரஸ் ஆஃப் அவர் ஸ்கூல்’.

இடையில் உரிச்சொல் வந்தாலும் விதி மாறாது. ‘ஹீ இஸ் குட் மேன்’ என்று எழுதுகிறவர்கள் ‘குட்’ இருப்பதால் இடம் நிரம்பிவிட்டதாக நினைக்கிறார்கள். ‘ஏ குட் மேன்’ என்றுதான் வர வேண்டும்.

அறிகுறி: எண்ண முடியாத சொல்லுக்கு ‘ஏ’ வந்துவிடுகிறது

‘ஆன் அட்வைஸ்’, ‘ஏ ஃபர்னிச்சர்’, ‘ஏ ஹோம்வொர்க்’, ‘ஆன் இன்ஃபர்மேஷன்’. தமிழில் ஓர் அறிவுரை, இரண்டு தகவல்கள் என்று எண்ணுகிறோம், ஆங்கிலம் இவற்றை எண்ணுவதில்லை. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க், ரிசர்ச், நியூஸ், டிராஃபிக் ஆகியவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ‘ஏ’யும் வராது, பன்மைக்கான ‘எஸ்’ ஒலியும் சேராது. ‘நியூஸ்’ சொல்லின் இறுதியில் ‘எஸ்’ எழுத்து இருந்தாலும் அது ஒருமைதான். எண்ணிச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஏ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, அல்லது வெறுமனே ‘சம் அட்வைஸ்’.

மலேசியாவில் இதில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று ‘ஸ்டாஃப்’. ‘ஐ ஆம் ஏ ஸ்டாஃப் ஹியர்’ என்று வங்கியிலும் கேட்கிறேன், மருத்துவமனையிலும் கேட்கிறேன், அறிவிப்புப் பலகையிலும் பார்க்கிறேன். ‘ஸ்டாஃப்’ என்பது பணியாளர்கள் எல்லாரையும் சேர்த்துக் குறிக்கும் சொல். ஒருவரை மட்டும் சொல்ல ‘ஏ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்’ என்று எழுதுங்கள். ‘ஆன் எம்ப்ளாயி’ இன்னும் எளிது. உள்ளூரில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகும் விண்ணப்பத்தில் இது உடனே கண்ணில் படும்.

அறிகுறி: எதற்கெடுத்தாலும் ‘தி’

‘ஏ’யை விட்டதற்காகத் திட்டு வாங்கியவர்கள் பயந்துபோய் ‘தி’யை எல்லா இடத்திலும் தூவ ஆரம்பிப்பார்கள். ‘தி லைஃப் இஸ் டிஃபிகல்ட்.’ ‘ஐ லைக் தி டூரியன்.’ ‘தி எஜுகேஷன் இஸ் இம்பார்ட்டன்ட்.’ எஸ்பிஎம் கட்டுரையின் முதல் வரியிலேயே இது அடிக்கடி வருகிறது, ஏனென்றால் கட்டுரைகள் பெரும்பாலும் பொதுக் கருத்தோடுதான் தொடங்குகின்றன.

பொதுவாக ஒரு பொருளைச் சொன்னால், அது எண்ண முடியாததாகவோ பன்மையாகவோ இருக்கும்போது ஆர்ட்டிக்கலே வேண்டாம். ‘லைஃப் இஸ் டிஃபிகல்ட்.’ ‘எஜுகேஷன் இஸ் இம்பார்ட்டன்ட்.’ ‘ஐ லைக் டூரியன்.’ ஆனால் பாலேக் பூலாவ் தோட்டத்திலிருந்து உங்கள் மாமா நேற்று கொண்டு வந்த டூரியன் என்றால் அது குறிப்பிட்டது: ‘தி டூரியன் மை அங்கிள் பிராட் யெஸ்டர்டே’. பெயருக்குப் பின்னால் ஒரு விளக்கம் வந்து எதுவென்று அடையாளம் காட்டினால் ‘தி’ திரும்பி வரும். ‘மியூசிக்’ என்றால் இசை பொதுவாக. ‘தி மியூசிக் அட் தி வெட்டிங்’ என்றால் அந்தக் கல்யாணத்தில் வாசித்தது.

இங்கே தமிழ் கைகொடுக்கும். ‘வாழ்க்கை கடினமானது’ என்பதில் ‘அந்த’ சேர்த்துப் பாருங்கள். ‘அந்த வாழ்க்கை கடினமானது’ என்றால் பொருளே மாறி, எந்த வாழ்க்கை என்ற கேள்வி வந்துவிடுகிறது. அப்படி மாறினால் ஆங்கிலத்திலும் ‘தி’ போடாதீர்கள். ஆனால் இதைத் திருப்பிப் போட்டுச் சோதிக்க முடியாது. ‘தி’ வரும் எல்லா இடத்திலும் தமிழ் ‘அந்த’ கேட்காது. ‘அந்தச் சூரியன் உதித்தது’ என்று நாம் சொல்வதில்லை, ஆங்கிலத்தில் ‘தி சன்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

‘மோஸ்ட்’ வரும் இடத்தையும் பாருங்கள். ‘மோஸ்ட் ஸ்டூடன்ட்ஸ்’ சரி, ‘மோஸ்ட் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ்’ சரி. இரண்டையும் கலந்த ‘மோஸ்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ தவறு. ‘மெஜாரிட்டி ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்று தொடங்காமல் ‘தி மெஜாரிட்டி’ என்று தொடங்குங்கள். ‘சேம்’, ‘ஒன்லி’, ‘ஃபர்ஸ்ட்’, ‘பெஸ்ட்’ ஆகியவை பெயருக்கு முன் வந்தால் பெரும்பாலும் ‘தி’ கேட்கும். ‘வீ ஸ்டடீட் இன் சேம் ஸ்கூல்’ என்பதில் ஒரு ‘தி’ குறைகிறது.

அறிகுறி: ‘ஏ’யா ‘ஆன்’னா என்று எழுத்தைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்

ஊர் என்றால் ‘ஓர் ஊர்’, வீடு என்றால் ‘ஒரு வீடு’. உயிர் முன்னால் ஓர் என்ற நம் மரபும் ஆங்கிலத்தின் ‘ஆன்’ விதியும் அருகருகே நிற்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் எழுத்தும் ஒலியும் ஒன்றாகப் போவதால் எழுத்தைப் பார்த்தாலே போதும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை, வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல் உயிரொலியில் தொடங்கினால் ‘ஆன்’.

அதனால் ‘ஆன் அவர்’ (ஒரு மணி நேரம்), ‘ஆன் ஆனஸ்ட் மேன்’, ஏனென்றால் அந்தச் சொற்களின் முதல் எழுத்தான ‘ஹெச்’ ஒலிப்பதில்லை. ‘ஏ யுனிவர்சிட்டி’, ‘ஏ யூரோப்பியன்’, ஏனென்றால் அவை ‘யு’ ஒலியில் தொடங்குகின்றன. ‘ஏ ஒன்-வே ஸ்ட்ரீட்’ என்பதும் அப்படித்தான், ஆங்கிலேயர் அதை ‘வன்’ என்றே ஒலிக்கிறார்கள்.

நம் ஊரில் சுருக்கப் பெயர்கள் ஏராளம், குழப்பமும் அங்கேதான் அதிகம். எழுத்து எழுத்தாகப் படித்தால் முதல் எழுத்தின் ஒலியைப் பாருங்கள். ‘ஆன் எஸ்பிஎம் கேண்டிடேட்’, ‘ஆன் எம்ஆர்டி ஸ்டேஷன்’, ‘ஆன் எல்ஆர்டி டிக்கெட்’, ‘ஆன் ஈபிஎஃப் அக்கவுன்ட்’ (ஊழியர் சேமநிதிக் கணக்கு). டாக்டரிடம் வாங்கும் மருத்துவ விடுப்புச் சீட்டும் ‘ஆன் எம்சி’தான். ஆனால் ‘ஏ யுஎஸ்எம் ஸ்டூடன்ட்’. 1969-இல் இங்கே தொடங்கிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுருக்கப் பெயர் ‘யு’ ஒலியில் தொடங்குகிறது. ஒரே சொல்லாகப் படிக்கும் ‘சொக்சோ’ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு), ‘மியூஎட்’ ஆகியவற்றுக்கு ‘ஏ’. ஜார்ஜ்டவுன் 2008-இல் பெற்ற உலக மரபுடைமைத் தகுதியை எழுதும்போதும் ‘ஏ யுனெஸ்கோ சைட்’.

மனிதவளத்தைக் குறிக்கும் ‘ஹெச்ஆர்’ ஒன்று உண்டு. நாம் பெரும்பாலும் ‘ஹெச்’ என்கிறோம், அகராதிகள் முதலில் தரும் ஒலிப்பு ‘எய்ச்’. தேர்விலும் கடிதத்திலும் ‘ஆன் எய்ச்ஆர் ஆஃபீசர்’ என்ற முறையையே பின்பற்றுங்கள்.

அறிகுறி: இடப்பெயர்களில் தடுமாற்றம்

நகரம், மாநிலம், பெரும்பாலான நாடுகள், தெரு, தனித்தீவு, தனிமலை, ஏரி: ஆர்ட்டிக்கல் வேண்டாம். பினாங்கு, மலேசியா, லங்காவி, குயின் ஸ்ட்ரீட், மவுன்ட் கினாபாலு, பினாங் ஹில். 1923-இல் திறந்த மலை ரயிலைச் சொல்லும்போது மட்டும் ‘தி பினாங் ஹில் ஃபனிகுலர்’, ஏனென்றால் அங்கே பேசுவது ரயிலைப் பற்றி, மலையைப் பற்றி அல்ல.

ஆறு, கடல், நீரிணை, மலைத்தொடர், தீவுக்கூட்டம்: ‘தி’ வேண்டும். ‘தி கிள்ளான் ரிவர்’, ‘தி ஸ்ட்ரெய்ட் ஆஃப் மலாக்கா’, ‘தி டிட்டிவாங்சா ரேஞ்ச்’, ‘தி பிலிப்பைன்ஸ்’. ஹோட்டல்களுக்கும் வழக்கமாக ‘தி’ உண்டு: 1885-இல் தொடங்கிய ‘தி ஈஸ்டர்ன் அண்ட் ஓரியன்டல் ஹோட்டல்’. பெயருக்குள் ‘ஆஃப்’ இருந்தால் பெரும்பாலும் ‘தி’ வரும், அதனால் ‘தி யுனிவர்சிட்டி ஆஃப் மலாயா’. அதையே மலாய்ப் பெயராக ‘யுனிவர்சிட்டி மலாயா’ என்று எழுதினால் வராது. 1971-இல் பினாங்கில் பிறந்த ‘தி ஸ்டார்’ நாளிதழுக்கு ‘தி’ பெயரிலேயே இருக்கிறது, அதை நீக்கக் கூடாது. பாலங்களில் மட்டும் சீரான விதி தேட வேண்டாம், ஒவ்வொன்றாகப் பழக வேண்டியதுதான்.

அறிகுறி: ‘கோ டு ஸ்கூல்’ சரி, ‘கோ டு மார்க்கெட்’ தவறு, ஏன்?

பள்ளிக்கு மாணவராகப் போகிறீர்கள் என்றால் ‘கோ டு ஸ்கூல்’. பிள்ளையின் அறிக்கை அட்டை வாங்க அப்பா போகிறார் என்றால் ‘ஹீ வென்ட் டு தி ஸ்கூல்’. கட்டடம் எதற்காக இருக்கிறதோ அந்தக் காரியத்துக்காகப் போனால் ஆர்ட்டிக்கல் இல்லை, வேறு வேலையாகப் போனால் ‘தி’. ஸ்கூல், காலேஜ், சர்ச், ஜெயில், பெட் என்று இந்தச் சலுகை சில சொற்களுக்கு மட்டும்தான். நோயாளியாகப் படுத்திருப்பவரைப் பிரிட்டிஷ் ஆங்கிலம் ‘இன் ஹாஸ்பிடல்’ என்கிறது, அமெரிக்கர் ‘இன் தி ஹாஸ்பிடல்’ என்பார்கள். நம் பள்ளிப் பாடம் பிரிட்டிஷ் வழியை ஒட்டியது. மார்க்கெட், பேங்க், டெம்பிள், கிளினிக் எல்லாவற்றுக்கும் ‘தி’ போட்டுவிடுங்கள்.

பயணத்தில் ‘பை பஸ்’, ‘பை ஃபெரி’ என்று ஆர்ட்டிக்கல் இல்லாமல். ‘டேக்’ என்று தொடங்கினால் ‘டேக் தி ஃபெரி’. உடம்புக்கு முடியாதபோது ‘ஏ ஃபீவர்’, ‘ஏ ஹெட்ஏக்’, ஆனால் டெங்கி, டயபெட்டிஸ் ஆகியவற்றுக்கு எதுவும் வேண்டாம்.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் பொருள் தலைகீழ்

இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, ஏனென்றால் எழுதியவருக்குத் தவறு நடந்ததே தெரியாது. ‘ஏ ஃபியூ’ என்றால் சில. ‘ஃபியூ’ என்றால் மிகக் குறைவு, கிட்டத்தட்ட இல்லை. ‘ஏ லிட்டில்’, ‘லிட்டில்’ இரண்டுக்கும் இதே வேறுபாடு. வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதிவிட்டு, கொஞ்சம் அனுபவம் இருப்பதாகச் சொல்லிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். படிப்பவருக்கு ‘எனக்கு அனுபவம் இல்லை என்றே சொல்லலாம்’ என்று கேட்கிறது. ‘சம் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதிவிட்டால் ஆபத்து இல்லை.

ஒரு விண்ணப்பத்தை வரிவரியாகப் பார்ப்போம்

பல விண்ணப்பங்களில் வரும் பிழைகளைச் சேர்த்து நானே எழுதிய பத்தி இது:

‘ஐ ஆம் டிப்ளோமா ஹோல்டர் ஃப்ரம் தி பினாங். ஐ ஆம் ஏ ஸ்டாஃப் இன் லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி. தி கம்பெனி இஸ் நியர் ஏர்போர்ட். ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் தி எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன். ஐ கேன் ஸ்டார்ட் இன் ஃபர்ஸ்ட் வீக் ஆஃப் தி நெக்ஸ்ட் மன்த்.’

‘டிப்ளோமா ஹோல்டர்’ ஒருமை, எண்ணக்கூடியது, தனியாக நிற்கிறது. ‘ஏ’ வேண்டும். பினாங்கு மாநிலப் பெயர், ‘தி’யை எடுத்துவிடுங்கள். ‘ஏ ஸ்டாஃப்’ போய் ‘ஆன் எம்ப்ளாயி’. ‘லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி’ முதல் முறை வருகிறது, படிப்பவர் ‘எந்தக் கம்பெனி?’ என்று கேட்பார், ஆகவே ‘ஏ’. அடுத்த வரியின் ‘தி கம்பெனி’ சரியாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். ஏர்போர்ட்டுக்கு முதல் முறையே ‘தி’, பினாங்குத் தீவில் விமான நிலையம் ஒன்றுதான். ‘லிட்டில்’ போய் ‘சம்’. ‘எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன்’ பொதுவான வேலை, எண்ண முடியாதது, ‘தி’ வேண்டாம். ‘ஃபர்ஸ்ட் வீக்’ முன்னால் ‘தி’ வேண்டும். ‘நெக்ஸ்ட் மன்த்’ இன்றிலிருந்து எண்ணும் அடுத்த மாதம், அதற்கு வேண்டாம்.

சரி செய்த பிறகு: ‘ஐ ஆம் ஏ டிப்ளோமா ஹோல்டர் ஃப்ரம் பினாங். ஐ ஆம் ஆன் எம்ப்ளாயி இன் ஏ லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி. தி கம்பெனி இஸ் நியர் தி ஏர்போர்ட். ஐ ஹேவ் சம் எக்ஸ்பீரியன்ஸ் இன் எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன். ஐ கேன் ஸ்டார்ட் இன் தி ஃபர்ஸ்ட் வீக் ஆஃப் நெக்ஸ்ட் மன்த்.’